மணல்வெளியைப் படமெடுத்தல்

அருவியைப் படமெடுப்பது எளிது. குற்றாலத்தில் அருவி தானே வந்து படத்தின் நடுவில் நின்றுகொள்ளும். நாம் செய்ய வேண்டுவது சிறிதே. அத்தகைய துணை எதையும் தராத நிலப்பகுதிகளும் உண்டு. இராமேசுவரத் தீவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள தனுஷ்கோடி அவற்றுள் ஒன்று. ஒருபுறம் பாக் நீரிணை. மறுபுறம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும், பின்னதை ஆண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். இரண்டிற்கும் இடையே ஒடுங்கி நீளும் மணல், மேலே வானம். நேரில் நிற்பவருக்குக் காற்றும் அலையோசையும் சேர்ந்து ஒரு பேருணர்ச்சியைத் தருகின்றன. காமிராவின் வழியே நோக்கினாலோ, அப்பெருவெளி மணல், நீர், வான் என்னும் மூன்று பட்டைகளாகச் சுருங்கிவிடுகிறது.

இதனாற்போலும், அங்கு வருவோருள் பலர் இடிந்த மாதாகோயிலின் முன் நின்று ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கின்றனர். 2017ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின், வண்டியிலிருந்து இறங்கிச் சில நிமிடங்களில் படமெடுத்துத் திரும்புவதும் எளிதாயிற்று. (தம் முகத்தை முன்னிறுத்திக் கோயிலையே மறைத்துவிடுவோரைப் பற்றி இங்குப் பேச வேண்டுவதில்லை.) 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய கடும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில் வண்டியும் கடலுக்கு இரையாயிற்று. அத்துயரின் சான்றாக நிற்கும் பவளக்கற் சுவர்களைப் படமெடுப்பதில் தவறில்லை. ஆயினும், அவற்றை மட்டுமே காட்டும் படம், அங்கு இப்போது எவரும் இல்லை என்று காண்போரை எண்ணச் செய்துவிடும். மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசைகளில் வாழ்கின்றன. கடலை நம்பி உழைக்கின்றன. ஆகவே, சட்டத்திற்குள் எதை வைப்பது, எதை விடுவது என்னும் முடிவில் அழகோடு நேர்மையும் கலந்திருக்கிறது என்பேன்.

அங்ஙனமாயின், படத்தை எவ்வாறு அமைப்பது? காமிராவை உறையிலேயே வைத்துவிட்டு முதலில் நடக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்தே வில்லையை மாற்றித் தொலைவிலுள்ள பொருளைப் பெரிதாக்கலாம். ஆனால், அருகிலுள்ள சுவரும் அப்பாலுள்ள படகும் ஒன்றுக்கொன்று அமைந்திருக்கும் முறை அதனால் சிறிதும் மாறாது. அதனை மாற்ற வல்லவை நம் கால்களே. நான்கடி வலப்புறம் நகர்ந்தால் சுவருக்குப் பின் மறைந்திருந்த படகு வெளிப்படும். மேலும் நகர்ந்தால், இடிந்த வாயிலின் நடுவே ஒரு குடிசையும் அதன் புகையும் வந்து பொருந்தக்கூடும். முழந்தாளிட்டுக் காமிராவைத் தாழ்த்துங்கள். காற்று வரைந்த மணல்வரிகளும் அடும்பங்கொடியும் முன்வந்து கண்ணைத் தொலைவிற்கு அழைத்துச் செல்லும்.

சட்டத்தை மூன்றாகப் பகுத்து, அக்கோடுகளின்மேல் பொருள்களை அமைக்க வேண்டும் என்னும் விதியைச் சிலர் வேதமாகவே கொள்கின்றனர். தொடக்கத்தில் அது நல்ல ஊன்றுகோல். எதனை அங்கு அமைப்பது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. மேகமே இல்லாத நாளில் வானத்திற்குப் பாதி இடம் எதற்கு? தொடுவானத்தை மேலே தள்ளி, மணலுக்கு இடம் கொடுக்கலாம். நண்பகலில் வெண்மணல் கண்ணைக் கூசச் செய்யும், நிழல் இராது. கதிரவன் தாழ்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ ஒவ்வொரு மணல்வரிக்கும் ஒரு நிழல் உண்டாகும். பவளக்கல்லின் துளைகளும் தெளிவாகும்.

அவ்வொளியில் கரைவலை இழுக்கப்படுமாயின், அங்கே காத்திருப்பது நன்று. உழைப்போரின் இசைவைக் கேட்டபின்பே காமிராவை எடுத்தல் வேண்டும்; அவர்கள் நம் படத்திற்காக நிறுத்தப்பட்ட பொம்மைகள் அல்லர். வலையின் இரு கயிறுகளும் கடலிலிருந்து கரைக்கு நீண்டு வரும். இரு குழுவினர் அவற்றைப் பற்றி இழுத்தவாறே மெல்ல ஒருவரையொருவர் நெருங்குவர். கோடுகளே இல்லையென்று தோன்றிய அவ்வெளியின் மூன்று பட்டைகளுள் இரண்டை அக்கயிறுகள் சாய்வாகக் கடந்து இணைக்கின்றன. இடம் வாய்த்தால், இழுப்போரின் தோள்களுக்கு அப்பால், கட்டைவிரல் அளவாய், அந்தப் பழைய சுவர்களும் தென்படும்.