பங்கு கேட்கும் புழு

விலங்கியல் ஆய்வுக்கூடத்தில், ஃபார்மலின் நிரம்பிய கண்ணாடிக் குடுவைக்குள் உருளைப்புழுவைக் கண்டபோது எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் அதற்கு நாக்குப்பூச்சி என்று பெயர். "மிட்டாய் தின்றாயல்லவா, அதனால்தான் பூச்சி" என்று கடிந்துகொண்டே அம்மா வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

பாவம், மிட்டாய் குற்றமற்றது. பெண் உருளைப்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் முட்டைகள் இடுகிறது. மலத்தோடு வெளியேறும் அம்முட்டைகள் மண்ணில் முதிர்ந்து, கழுவாத கையின் நகக்கண் வழியே வாய்க்குள் போகின்றன. கொக்கிப்புழுவின் இளம்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே ஏறிவிடுகிறது. வளர்ந்தபின் குடற்சுவரைக் கவ்வி, வகைக்கேற்ப நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மில்லி லிட்டர் வரை இரத்தத்தை இழக்கச் செய்கிறது. சொற்பம்தானே என்று எண்ணலாம். நூறு புழுக்கள் இருந்தால்? சோகை பிடித்த பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறான்; நாம் அவனுக்கு 'மந்தம்' என்று பட்டம் கட்டுகிறோம்.

1956-இல் மதிய உணவு, 1982-இல் சத்துணவு, 2022-இல் காலை உணவு என்று பள்ளிப் பிள்ளையின் தட்டை நிரப்பிய மாநிலம் நம்முடையது. அந்தத் தட்டில் புழுவும் பங்கு கேட்கிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. நல்ல திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாத்திரை வயிற்றிலுள்ள புழுவைக் கொல்லுமே தவிர, மண்ணிலுள்ள முட்டையைத் தொடாது. சாட்டைப்புழுவுக்கோ ஒரு வேளை மாத்திரை போதுவதுமில்லை. திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் உள்ளவரை, அந்த மண்ணில் விளையாடும் பிள்ளைக்குப் புழு மீண்டும் வரும்.

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் மரக்கன்று நடுகிறோம். கோயில் வளாகத்தைப் பெருக்குகிறோம். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நாம் தங்கும் பள்ளியின் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, கைகழுவ சோப்பு இருக்கிறதா என்று பார்த்தோமா? சென்ற முகாமில் நானும் பார்க்கவில்லை. பூட்டிக் கிடந்த கழிப்பறையைக் கடந்து சென்றுதான் கன்று நட்டேன். அடுத்த முகாமின் முதல் வேலை அந்தப் பூட்டைத் திறப்பதாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஐந்து மதிப்பெண்ணுக்காக உருளைப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம். அந்தச் சுழற்சியை எங்கே அறுக்கலாம் என்பது, நம்மைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்த அம்மாக்களுக்குத் தெரியாது. விடுமுறையில் ஊருக்குப் போனதும் அதை நான் சொல்லத்தான் போகிறேன். படித்த நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?