ஜெயிலுக்கு வழி தெரிகிறது; ஆஸ்பத்திரிக்கு?

கோர்ட்டு வாசலில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். மகனுக்கு 20 வயதுகூட ஆகவில்லை. சட்டைப்பையில் கஞ்சா பொட்டலம் வைத்திருந்ததாகப் போலீசார் பிடித்து வந்திருந்தனர்.

"வித்தவன் ஓடிட்டான் சார், வாங்கினவன் மாட்டிக்கிட்டான். இவனை ஆஸ்பத்திரியில சேர்த்தா கேஸை விட்டுடுவாங்களா?" என்று அந்த அம்மாள் நம்மிடம் கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அன்று நமக்கும் பதில் தெரியவில்லை.

பதில் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது!

1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மத்திய அரசின் சட்டம். அதில் 64-ஏ என்று ஒரு பிரிவு. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்திலோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கினால், தானே முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் அவர் மீது வழக்கு நடத்தக்கூடாது. கஞ்சா என்றால் 1 கிலோ வரை, ஹெராயின் என்றால் 5 கிராம் வரை சிறிய அளவு. சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடினால் சலுகை ரத்தாகலாம். குற்றம் நிரூபணமான பிறகும்கூட, அவர் சம்மதித்தால், ஜெயிலுக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு 39-வது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. அரசு நடத்தும் ஆஸ்பத்திரி, அல்லது அரசு அங்கீகரித்த நிலையம் என்றால்தான் இந்தச் சலுகை. தெருமுனையில் போர்டு மாட்டிய ஏதோ ஒரு 'மறுவாழ்வு மைய'த்தில் தாலியை அடகு வைத்துப் பணம் கட்டினால் செல்லாது. எது அங்கீகாரம் பெற்றது என்று அந்தத் தாய்க்கு யார் சொல்வது?

நமது மாநிலத்தில் தண்டனைச் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1937-லிருந்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. சாராய வியாபாரியையும் போதை வியாபாரியையும் 12 மாதம் வரை உள்ளே வைக்க 1982-ல் குண்டர் சட்டம் வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதே மாதம் சட்டசபை கூடி, ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கியது. சரிதான்! விஷத்தை விற்றவனுக்கு என்ன இரக்கம்? ஆனால் குடித்தவனுக்கு என்ன வழி?

வழியே இல்லை என்று சொல்ல மாட்டோம். 2025-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. பாராட்டுகிறோம். ஆனால் மாவட்டங்கள் 38! அதுவும் இது திட்டம்தான். திட்டம் இன்று வரும், நாளை நிதி இல்லை என்று நிற்கும். சட்டம் என்றால் கேட்டு வாங்கலாம்.

2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பையும் மனநோய் என்றே சொல்கிறது. சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. பதிவு இல்லாமல் நிலையம் நடத்தக்கூடாது, நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதை நாடு மறக்கவில்லை.

பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரியும் மாநிலத்தின் அதிகாரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே சட்டசபை செய்ய வேண்டியது இது:

எல்லா மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலும் போதை சிகிச்சைக்குத் தனிப் படுக்கை என்று சட்டத்தில் எழுதுங்கள். 64-ஏ பிரிவையும், அங்கீகரித்த நிலையங்களின் பட்டியலையும் ஒவ்வொரு போலீஸ் நிலையச் சுவரிலும் தமிழில் ஒட்டுங்கள். முதல் நாள் கோர்ட்டில் நிறுத்தும்போதே இலவச சட்ட உதவி வக்கீல் இதை எடுத்துச் சொல்லட்டும். தனியார் மையங்களின் பதிவு எண் வாசலில் தொங்கட்டும். எண் இல்லாத கடையைப் பூட்டுங்கள்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2003-லிருந்து சில்லறை மது விற்பனையை அரசேதான் நடத்துகிறது. தெருவுக்குத் தெரு கடை போட இடம் கிடைத்தது. கட்டில் போட இடம் கிடைக்காதா?

போதையில் விழுந்தவன் பக்கத்து வீட்டுப் பையன்தான். நாளைக்கு நம் வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். ஜெயிலில் தள்ளினால் வியாபாரிகளோடு பழகித் திரும்புவான். சிகிச்சை கொடுத்தால் வேலைக்குத் திரும்பலாம்.

வீட்டில் யாருக்காவது இந்தக் கஷ்டம் இருந்தால் 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை.

அந்த அம்மாளின் கேள்விக்கு நாங்கள் பதிலை எழுதிவிட்டோம். அதைப் போலீஸ் நிலையச் சுவரில் எழுதவேண்டியது அரசாங்கம்!