பற்றாசும் பண்ணும்

உதகையில் நாம் பணிபுரியும் கல்லூரியின் தமிழ்த்துறையில் அண்மையில் ஒரு சிறு பூசல். முதுகலை மாணவர் ஒருவர், தாமே பற்றவைத்துச் செய்த சின்தசைசர் ஒன்றைத் துறை மேசைமேல் வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். "இது தமிழ்த்துறையா, ரேடியோ ரிப்பேர் கடையா?" என்றார் மூத்த நண்பர் ஒருவர். மாணவர் கருவியைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். அன்றே சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி இது. தாமதத்திற்கு நமது கோழைத்தனமே காரணம்.

முதலில் அக்கருவி. 40106 என்னும் சில்லினுள் ஆறு வாயில்கள். ஒவ்வொன்றோடும் ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் சேர்த்தால் மின்னழுத்தம் ஓயாமல் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் வேகமே சுருதி. தடையைக் கூட்டினால் சுருதி இறங்கும், குறைத்தால் ஏறும். வினை எல்லாம் நம் மலையின் மூடுபனியால் வருவது. பற்றவைக்கையில் படிந்த பிசுக்கைத் துடைக்காமல் விட்டால் அதில் தூசும் ஈரமும் சேர்ந்து, செல்லக்கூடாத வழியில் மின்சாரம் கசியும். காலையில் சேர்த்த சுருதி மாலையில் நிற்காது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்று 183 பாகை செல்சியசில் உருகும். கம்பியும் தகடும் போதிய சூடேறுமுன் அதை வைத்தால் ஒட்டியதுபோலத் தோன்றும், ஒட்டாது, கருவி கரகரக்கும். செவியால் பிழையறிந்து கையால் தீர்க்கும் இக்கல்வி, நாம் நடத்தும் பாடபேத ஆராய்ச்சியினும் எவ்வகையில் தாழ்ந்தது?

'பற்றாசு' என்ற சொல் நம் அகராதியில் உண்டு. சொல்லை உள்ளே வைத்துக்கொண்டு தொழிலை வாசலில் நிறுத்திவிட்டோம். பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை உவமை அடுக்கி வருணிக்கிறது. உவமையைக்கொண்டு நரம்பு கட்ட இயலுமா? செய்தவன் கையறிவு கைவிடப்பட்டதால், விபுலாநந்த அடிகள் கணக்கிட்டுக் கணக்கிட்டு 1947-இல் யாழ்நூலை வெளியிட வேண்டியதாயிற்று. தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய அடிகள் இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரியும் ஆவார். நண்பர் அவரையும் ரேடியோ கடைக்கு அனுப்புவாரோ?

இம்மலையிலேயே சான்று இருக்கிறது. கோத்தர் இரும்படிப்பவர்கள், அவர்களே இசைஞர்கள். குழலும் பறையும் கொம்பும் கொண்டு தோடர், படுகர் இல்லச் சாவுகளில் வாசித்தவர்கள். உலை வேறு, இசை வேறு என்ற பிளவு அவர்களிடம் இல்லை. அதைப் பழங்குடி வழக்கு என்று கருத்தரங்கில் வியந்துவிட்டு, அதையே செய்த மாணவரை எழுப்பி அனுப்புகிறோம்.

அந்நியக் கருவி என்பது அடுத்த ஆட்சேபம். வயலின் எவ்வூர்ப் பிள்ளை? மின்னணுத் தம்பூராவை 1979-இல் பெங்களூரில் உருவாக்கிய ஜி. ராஜ் நாராயண் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. இன்று கச்சேரி மேடையில் அப்பெட்டியை யாரும் அந்நியம் என்பதில்லை. (ஆட்சேபித்த நண்பர் வீட்டிலும் ஒரு சுருதிப் பெட்டி உண்டு. இரண்டு மழைக்காலமாக ஊமையாய்க் கிடக்கிறது.)

நாம் கேட்பது அதிகமில்லை. துறையில் சன்னலோரம் ஒரு மேசை, புகை வெளியேறத் திறந்த கதவு, சனிக்கிழமை பிற்பகல். அம்மாணவரை நேரில் அழைத்து, எழுப்பி அனுப்பியதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும். அதை முதலில் நாம் செய்கிறோம்.