கார்டு தேய்த்தவரும் காகிதம் எடுத்தவரும்

இப்போதெல்லாம் பல ஆபீஸ்களில் பிரிண்டரும் ஆள் பார்த்துத்தான் வேலை செய்கிறது. கணினியில் பிரிண்ட் கொடுத்தால் காகிதம் உடனே வராது, சர்வரில் காத்திருக்கும். எழுந்து போய் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், அல்லது நாலு இலக்க எண்ணை அழுத்த வேண்டும். சம்பளப் பட்டியலும் மெடிக்கல் பில்லும் ஊர் பார்க்க ட்ரேயில் கிடக்காது. நல்ல ஏற்பாடுதான், அதோடு எனக்குச் சண்டையில்லை.

யார், எப்போது, எத்தனை பக்கம் என்று அந்த மென்பொருள் எழுதி வைக்கும் பட்டியலை மேஜையில் போட்டு, "நீர்தான் அச்சடித்தீர், விளக்கம் கொடும்" என்று மெமோ கொடுக்கிறார்களே, அதோடுதான் சண்டை.

பட்டியலில் விழுவது ஓர் அட்டையின் எண். பழைய 125 கிலோஹெர்ட்ஸ் வகை அட்டை, எந்த ரீடர் கேட்டாலும் தன் எண்ணை ஒப்பித்துவிடும். அதை நகலெடுக்கும் கருவி சல்லிசாகவே கிடைக்கிறது. அதைவிடக் கெட்டி என்று நம்பப்பட்ட மைஃபேர் கிளாசிக் அட்டையின் ரகசியக் கணக்கை 2008லேயே நெதர்லாந்தின் நைமேகன் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். நம்மூரில் அத்தனை சிரமம் எதற்கு? "சார், கார்டைக் கொடுங்க, நானே எடுத்துட்டு வந்துடறேன்" என்றால் போதும். ரகசிய எண்ணோ, பிரிண்டர் மேலேயே செலோடேப் போட்டு ஒட்டியிருக்கும்! செக்‌ஷனுக்கே ஒரு கணினி, ஒரு லாகின் என்றால் யார் அடித்தாலும் ஒரே பெயர்தான் விழும்.

அட்டையை இரவல் கொடுத்தது தப்பில்லையா என்பார்கள். தப்புதான், கண்டிக்கட்டும். ஆனால் அட்டையை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதும், வினாத்தாளை வெளியே விட்டதும் ஒரே குற்றமா?

குமாஸ்தாவை இவ்வளவு சோதிக்கும் அமைப்பின் தலைவாசல் எப்படி இருந்தது தெரியுமா? பேப்பர்கட் என்பது கல்லூரிகளில் அதிகம் ஓடும் ஆஸ்திரேலிய மென்பொருள். நிறுவும் வேலை முடிந்ததும் வரும் பக்கம் ஒன்று அதில் உண்டு. அதன் முகவரியைப் பிடித்தாலே கடவுச்சொல் இல்லாமல் நிர்வாகியாக நுழைய முடியும் என்று 2023ல் வெளிவந்தது. தீவிரம் 10க்கு 9.8. நுழைந்தவன் அந்த சர்வரில் எந்த நிரலையும் ஓட்டலாம். மார்ச்சில் திருத்தம் வெளியிட்டார்கள். போடாமல் விட்டவர்களைத் தேடி ஏப்ரலில் திருடர்கள் வந்தார்கள். மே மாதம் எஃப்.பி.ஐ. எச்சரிக்கை விட்டது. இப்படித் திறந்து கிடந்த சர்வரின் பட்டியலை வேதவாக்கு என்று எப்படி எடுத்துக்கொள்வது?

ரோனியோ காலத்து இன்டென்டில் கையெழுத்து இருந்தது. "என்னுடையது இல்லை" என்றால் நிபுணருக்கு அனுப்பலாம். அட்டை எண்ணை எந்த நிபுணருக்கு அனுப்புவது? நீதிமன்றமாவது மின்னணுப் பதிவுக்குச் சான்று கேட்கும். முன்பு 65பி, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 63வது பிரிவு. அந்தச் சான்றும் அட்டை யார் கையில் இருந்தது என்று சொல்லாது. துறை விசாரணையிலோ அதையும் பெரிதாகக் கேட்பதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி மெமோ வந்தால், பதில் எழுதும் முன் அந்த நேரத்துக் கேமரா பதிவை எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். சில வாரங்களில் அதன்மேல் வேறு பதிவாகிவிடும்.