எங்கட கிணற்றுத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

ஜெர்மனியின் இம்மெண்டிங்கன் அருகே டானூப் ஆறு நிலத்துக்குள் மறைகிறது. அது எங்கே போகிறது என்று பார்க்க, 1877இல் 10 கிலோ ஃபுளோரசீன் சாயத்தை விட்டார்கள். சுமார் 60 மணி நேரத்தில், 12 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஆக் ஊற்று பச்சையாகப் பொங்கியது.

யாழ்ப்பாணமும் சுண்ணக்கல் நிலம்தான். சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் என்ற செய்தி வந்தபோது, புலத்தில் நாங்கள் முகநூலில் சண்டை பிடித்தோம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எத்தனை பேர் கேட்டோம்?

சாயம் எண்ணெயைக் காட்டாது; எண்ணெய் மிதக்கும், வேறு விதமாக நகரும். ஆனால் தண்ணீரின் பாதையையும் வேகத்தையும் காட்டும். குடிநீர்க் கிணறுகள் நடுவே பச்சை நிறம் தெரியுமளவுக்கு விட முடியாது, விடவும் தேவையில்லை. நீல ஒளி பாய்ச்சி, பச்சை ஒளிர்வை அளக்கும் ஃபுளோரோமீற்றர், நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான சாயத்தைப் பிடித்துவிடும்.

ஒரு நிபந்தனை. மக்கிய இலைதழை கலந்த தண்ணீர் தானாகவே கொஞ்சம் ஒளிரும். ஆகவே சாயம் விடுமுன்பே எல்லாக் கிணறுகளையும் அளந்து பதிய வேண்டும். மென்பொருளிலும் இதே கதைதான்: பழைய பதிவு இல்லையென்றால், பிழை எப்போது வந்தது என்று நிரூபிக்க முடியாது.

ஊரில் கிணறு வெட்டக் காசு அனுப்புகிறோம். இனி அதை அளக்கவும் கொஞ்சம் அனுப்புவோம், பிரச்சினை வருமுன்பே.