வழிப்போக்கர் எழுதிவைத்தது

மதுரைக்கு வந்துபோகும் வெளிநாட்டவர் நம் நடத்தையை மறந்துவிடுவர் என்று எவரும் எண்ணலாகாது.

மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, 1344-ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து வந்தபோது, மஅபர் எனப்பட்ட நம் கரைக்கருகே அவரது கப்பல் சிதைந்தது. விடிந்ததும் படகில் வந்து அவரைக் கரைசேர்த்தவர்கள் வேற்று மதத்தவரான கரையோர மக்களே. பின்னர் மதுரையில் கொள்ளைநோய் பரவியபோது அவரும் காய்ச்சலில் வீழ்ந்தார். இங்கு மிகுதியாய்க் கிடைத்த புளியைக் கரைத்துக் குடித்து, அல்லாஹ்வின் அருளால் குணமடைந்தார். இவற்றைத் தம் பயண நூலில் பதிவுசெய்த அவர், மனைவி வழியில் உறவினரான சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையையும் மறைக்கவில்லை. நன்மை, தீமை இரண்டுமே ஏட்டில் ஏறின.

இன்று திருமலை நாயக்கர் மகாலையும் மீனாட்சியம்மன் கோயிலையும் காண வருவோரிடம், தோலின் நிறத்தைக் கண்டதும் ஆட்டோ வாடகையை உயர்த்திக் கேட்பவரும், வேண்டாமென்று விலகுவோரை விடாது பின்தொடர்ந்து கடைக்கு அழைப்பவரும் உளர். "பணக்காரர்தாமே, கொடுக்கட்டும்" என்பது அவர்கள் கூறும் நியாயம்.

ஆனால் ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் சேர்த்துள்ளது. சொந்த ஊரில் செல்வராயினும் வழியில் அவர் கையற்றவராகலாம் என்பது மார்க்க அறிஞர்களின் விளக்கம். மொழியும் விலையும் அறியாது நிற்பவரின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

வணிகம் செய்யும் சகோதரர்கள் உள்ளூராருக்கும் அயலாருக்கும் ஒரே விலை சொல்லட்டும். வழி கேட்பவருக்குக் கூலி எதிர்பாராமல் வழிகாட்டத் தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கட்டும்.