சாமிகிட்ட எதுக்கு நடிப்பு?

தை பிறந்துவிட்டால் செம்பட்டியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகிற சாலையில் வண்டியைவிட மனிதர்கள்தான் அதிகம். வழியில் கன்னிவாடி. ஒரு பக்கம் மலை, அடிவாரத்தில் தோட்டங்கள், சாலையோரம் பச்சை வேட்டியில் பழனிக்கு நடக்கிற கூட்டம். பாதத்தில் கொப்புளம், வாயில் அரோகரா.

அந்தக் கால்களை நான் கும்பிடுகிறேன். என் சண்டை எல்லாம், நடக்கும்போது மனசுக்குள் ஓடுகிற பேரத்தோடுதான். ‘முருகா, பையனுக்கு வேலை வாங்கிக் கொடு, மொட்டை போடுறேன். கடன் அடைஞ்சா வெள்ளி வேல் சாத்துறேன்.’

இதற்குப் பேர் பிரார்த்தனையா, டெண்டரா? காரியம் முடிந்ததும் நன்றியாகச் செலுத்தினால் அது காணிக்கை. முன்கூட்டியே ரேட் பேசினால்? தாலுகா ஆபீஸில் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

பேரம் பேசுவதைவிட மோசம், மறைப்பது. கன்னிவாடி அடிவாரத்தில் ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். போர் போட்டார், தண்ணீர் இல்லை. இன்னும் ஆழம் போனால் வரும் என்றார்கள். வட்டிக்கு வாங்கி இன்னொரு போர் போட்டார். அதிலும் புழுதிதான். மிச்சமிருந்த தென்னையை மலையிலிருந்து இறங்கிய யானை சாய்த்துவிட்டுப் போனது. அந்த மனிதர் சன்னதியில் நின்று கண்ணை மூடி என்ன சொல்கிறார்? ‘எல்லாரும் நல்லா இருக்கணும் சாமி.’

மனசு சொல்வது வேறு. ‘எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி தூக்கமில்லை. கடன் எவ்வளவுன்னு பொண்டாட்டிகிட்ட முழுசா சொல்லலை. உன் மேல கோபமா இருக்கு.’ ஐயா, இதுதானே பிரார்த்தனை! இதை ஏன் முழுங்குகிறார்? சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்துவிட்டோம்: சாமியைத் திட்டினால் கண்ணைக் குத்தும்.

ஆனால், கண் போன பிறகு திட்டிய ஒருவரை நம் ஊர் நாயனார் என்று கொண்டாடுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் சுந்தரர் கதையைப் பாருங்கள். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரர் சிவனிடமே ஒரு ஏற்பாடு செய்கிறார். ‘நான் சத்தியம் பண்ணும்போது நீ சன்னதியில் இருக்காதே, மகிழ மரத்தடிக்குப் போய்விடு.’ சிவனோ, சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்று பெண் வீட்டுக்குச் சொல்லிவிட்டார். சத்தியத்தை மீறித் திருவாரூருக்குக் கிளம்பியதும் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

அதுவரை தந்திரம். அதற்குப் பிறகுதான் நிஜம். வழி நெடுக அழுதார், கெஞ்சினார், உரிமையோடு ஏசினார். திருவெண்பாக்கத்தில் கண் கேட்டவருக்கு ஊன்றுகோல்தான் கிடைத்தது. கோபத்தில் அதை வீச, நந்தியின் கொம்பு உடைந்தது என்று அந்தத் தலத்தில் சொல்கிறார்கள். ஆனாலும் நடையை நிறுத்தவில்லை. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். அவர் ஏசிய பாட்டுகளைத் தேவாரத்திலிருந்து யாரும் வெட்டவில்லை. இன்றைக்கும் ஓதுவார்கள் பாடுகிறார்கள்.

பைபிளில் யோபுவும் இந்த ரகம்தான். பிள்ளைகள் போய், சொத்து போய், உடம்பெல்லாம் புண். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள், ‘நீ ஏதோ பாவம் பண்ணியிருக்கே’ என்று நோண்டினார்கள். யோபு கடவுளிடமே நியாயம் கேட்டார். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது யாரை? கேள்வி கேட்ட யோபுவுக்கும் கண்டிப்பு கிடைத்தது உண்மை. ஆனால் ‘என்னைப் பற்றிச் சரியாகப் பேசாதவர்கள்’ என்று கோபத்துக்கு ஆளானவர்கள் அந்த நண்பர்கள்தான்.

அந்த நண்பர்கள் இன்னும் சாகவில்லை. ஆஸ்பத்திரி வராண்டா வரைக்கும் வருகிறார்கள். ‘குலதெய்வக் குத்தம்’ என்பார் ஒருவர். ‘பரிகாரம் பண்ணலையா?’ என்பார் இன்னொருவர். ‘விசுவாசம் பத்தலை’ என்பார் மூன்றாமவர். அடிபட்டவனை இன்னொரு அடி அடிப்பதற்குப் பக்தி என்று பெயர் வைக்காதீர்கள். கடனில் மூழ்குகிறவனைப் பரிகாரத்துக்கு இன்னொரு கடன் வாங்க வைப்பது பாவம்.

‘சரி சார், நான் எதுவும் கேட்பதில்லை. எல்லாத்தையும் அவன்கிட்ட விட்டாச்சு, சரணாகதி’ என்பவர்களும் உண்டு. இதற்கு வைணவத்தில் பூனைக்குட்டி உவமை சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி சும்மா இருந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போகும். நல்ல உவமை. ஆனால் பூனைக்குட்டி வளர்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பசித்தால் அது வீடே அதிரக் கத்தும்.

இன்னொன்று. சரணடைய வேண்டியவன் நான். அடுத்தவரைக் கட்டிப் போட்டுவிட்டு அவருக்காக நான் சரணடைய முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். தர்காவை நம்பிக் கூட்டி வந்த குடும்பங்களில் பலருக்கு வேறு வழி தெரியவில்லை என்பது நிஜம். அந்தச் சங்கிலியைப் பார்த்தும், ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று கடந்துபோன நம் எல்லோரையும் என்ன சொல்வது? பின்னாளில் அதே தர்கா பக்கத்திலேயே மருந்தும் துஆவும் சேர்ந்து கிடைக்க அரசு வழி செய்தது. துஆ கேட்பவர் மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம். ஆண்டவனுக்கு அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

உண்மையைச் சொல்லிக் கும்பிட்டால் போரில் தண்ணீர் வந்துவிடுமா? வராது. ஆனால் சாமியிடம் ‘பயமா இருக்கு’ என்று சொல்லப் பழகிய வாய், வீட்டில் மனைவியிடமும் சொல்லும். உள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறவர்தான் ஒரு ராத்திரி விபரீத முடிவுக்குப் போகிறார். சொல்லிவிட்டால், அடுத்து கையில் கிடைக்கிற ஊன்றுகோல் கண்ணுக்குத் தெரியும். கந்துவட்டிக்காரன் மிரட்டினால் புகார் கொடுக்க 2003-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் போடலாம், காசு கிடையாது. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இதில் எதைத் தொட்டாலும் சாமி கோவிச்சுக்காது.

அடுத்த முறை சன்னதியில் நிற்கும்போது ரேட் பேசாதீர்கள். கோபம் இருந்தால் கோபம், அழுகை இருந்தால் அழுகை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ‘என்னால ஆனதை நான் பண்றேன், மிச்சத்தை நீ பார்த்துக்கோ’ என்று சொல்லுங்கள். மூட்டையை அவிழ்த்துக் காட்டாமலே எதை ஒப்படைக்கப் போகிறீர்கள்?